வீட்டில் தமிழ் கற்கும் பிள்ளைக்கு உயர் இலக்கணம் எப்போது?

புலம்பெயர்ந்த நாடுகளில் தாய்மொழிக் கல்வி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகளே முன்னிறுத்தப்படுகின்றன. அப்பாடசாலைகளின் பணி அளப்பரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பிள்ளையைப் பொதுப் பாடசாலைக்கே அனுப்பாமல் கணிதம், அறிவியல், மொழி என எல்லாப் பாடங்களையும் வீட்டிலேயே கற்பிக்கும் தமிழ்ப் பெற்றோரும் இருக்கின்றனர். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் வீடே வகுப்பறையானபோது இவ்வழியை முதன்முறையாகச் சிந்தித்த குடும்பங்களும் உண்டு.

இத்தகைய வீடுகளில் தமிழ் கற்பிப்போர் எதிர்கொள்ளும் சிக்கல் தனித்தன்மை உடையது. அங்கு வகுப்பேற்றம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க உடன் பயிலும் மாணவர் இல்லை. ஆண்டிறுதித் தேர்வும் இல்லை. நெடுங்கணக்கைக் கற்று, எளிய கதைகளை வாசிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளையை வேற்றுமை, பகுபதம், புணர்ச்சி என்னும் உயர் இலக்கணத்துக்கு எப்போது அழைத்துச் செல்வது என்பதைத் தாயோ தந்தையோ தனித்தே முடிவு செய்ய வேண்டியுள்ளது. முடிவு முந்தினாலும் பிழை, பிந்தினாலும் பிழை. இரண்டின் விளைவும் ஒன்றாகவே முடியக்கூடும்: பதின்ம வயதை எட்டும் பிள்ளை தமிழை ஒரு சுமையாகக் கருதிக் கைவிடுவது.

சட்டம் சொல்லும் மூன்று சொற்கள்

இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறையில் உள்ள 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தன் 7ஆம் பிரிவில், பிள்ளையின் வயதுக்கும் ஆற்றலுக்கும் நாட்டத்துக்கும் ஏற்ற முழுநேரக் கல்வியை அளிப்பது பெற்றோரின் கடமை என்கிறது. அதனைப் பாடசாலை வழியாகவோ வேறு வழியாகவோ நிறைவேற்றலாம் என்றும் கூறுகிறது. வீட்டுக்கல்விக்கு அங்கு இடமளிப்பது இந்த 'வேறு வழி' என்னும் சொற்றொடரே. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லும்; விதிமுறைகள் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மாறாக, செருமனியில் பாடசாலைக்குச் செல்வது கட்டாயம். இதனை எதிர்த்த பெற்றோரின் முறையீட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006இல் ஏற்க மறுத்தது. அங்கு வாழும் தமிழர் மாலை வேளையிலும் விடுமுறையிலும் மட்டுமே வீட்டில் தமிழ் கற்பிக்க இயலும். எனினும், எந்த நாடாயினும் இலக்கணத்தைப் பற்றிய கேள்வி ஒன்றே.

மேற்கண்ட சட்டத்தின் மூன்று சொற்களையும் பெற்றோர் கூர்ந்து நோக்க வேண்டும். வயது என்பது அவற்றுள் ஒன்று மட்டுமே. ஆற்றலும் நாட்டமும் அதனோடு சேர்ந்தே அளக்கப்படுகின்றன. ஆனால் நடைமுறையில் பலரும் வயதை மட்டுமே அளவுகோலாகக் கொள்கின்றனர். இங்கிலாந்தின் தொடக்கப் பாடசாலைகளில் 10, 11 வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணத் தேர்வு 2013ஆம் ஆண்டு முதல் நடத்தப்படுகிறது. அயல்வீட்டுப் பிள்ளை பத்து வயதில் ஆங்கில இலக்கணம் எழுதுகிறதெனில், தம் பிள்ளையும் அதே வயதில் தமிழ் இலக்கணம் எழுத வேண்டும் என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே. அயல்வீட்டுப் பிள்ளை நாள் முழுவதும் ஆங்கிலத்தின் நடுவே வாழ்வதையும், தம் பிள்ளையின் காதில் தமிழ் சில மணி நேரமே விழுவதையும் அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

நன்னூல் கேட்கும் முன்தகுதி

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் எழுத்தில் தொடங்கிச் சொல்லுக்குச் செல்கிறது. அதன் எழுத்ததிகாரத்தின் ஐந்து இயல்களில் மூன்று புணர்ச்சி பற்றியவை. நூலின் இந்த வரிசையைக் கற்பித்தலின் வரிசையாகக் கொண்டு, எழுத்துகளின் பிறப்பையும் புணர்ச்சி விதிகளையும் முதலில் மனனம் செய்விக்கும் பெற்றோர் உள்ளனர். மொழியை ஏற்கெனவே அறிந்த ஒருவருக்கு அதன் அமைப்பை விளக்குவதற்கே அந்நூல் எழுதப்பட்டது. மொழியையே இனிமேல்தான் அறிய வேண்டிய பிள்ளைக்கு அந்த வரிசை பொருந்தாது.

நன்னூலின் பாயிரமே இதற்குச் சான்று. கற்பிக்கும் ஆசிரியர் கேட்போனின் உள்ளம் எதை எவ்வாறு ஏற்கும் என்பதை அறிந்து கற்பிக்க வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. மாணவரை அது மூவகையாகப் பிரிக்கிறது. அன்னமும் பசுவும் முதல் மாணவருக்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணவருக்கு உவமை. சொல்லிக் கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்லும் கிளிக்கு இரண்டாம் இடமே கிடைக்கிறது என்பதை, விழா மேடைகளில் நூற்பாக்களை ஒப்பிக்கும் மழலையரைக் கண்டு கைதட்டுவோர் நினைவிற்கொள்வது நன்று.

யாழ்ப்பாணத்தில் நல்லூர் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் 1848இல் பாடசாலை தொடங்கியவர். அவர் நன்னூலுக்குக் காண்டிகையுரை வகுத்த பேரறிஞர். ஆயினும் சிறாருக்கென்று அவர் எழுதியவை படிநிலைப்படுத்தப்பட்ட பாலபாட நூல்கள். இலக்கணத்துக்கென்று வினாவிடையும் சுருக்கமும் தனியே எழுதினார். வாசிப்புக்கு ஓர் ஏணியும் இலக்கணத்துக்கு வேறோர் ஏணியும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே கொள்ளலாம்.

அவசரத்தின் விலை

ஈழத்துக் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். அம்மம்மா வீட்டில் இருக்கிறார். விருந்தினர் வந்ததை "அவை வந்தவை" என்கிறார். யாழ்ப்பாணத்துப் பேச்சில் மனிதரைக் குறிக்க 'அவை' என்பது இயல்பான வழக்கு. எட்டு வயதுப் பிள்ளையும் அவ்வாறே பேசுகிறது. இந்நிலையில் இலக்கணப் பாடம் தொடங்கி, 'அவை' அஃறிணைப் பன்மை, மனிதருக்கு 'அவர்கள் வந்தார்கள்' என்றே வர வேண்டும் என்று தாய் கற்பிக்கிறார். பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் இருவேறு ஒழுங்குகள் என்பதைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி பிள்ளைக்கு இன்னும் வரவில்லை. அது ஒரே முடிவுக்குத்தான் வரும்: அம்மம்மா பிழையாகப் பேசுகிறார். பின்னர் அம்மம்மாவைத் திருத்தத் தொடங்கும். அல்லது தானும் பிழையாகப் பேசிவிடுவோமோ என்று அஞ்சி ஆங்கிலத்துக்கு மாறிவிடும். மதுரையிலிருந்து வந்த குடும்பத்தில் 'வந்தாங்க' என்னும் சொல்லுக்கும் இதே கதிதான்.

வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் செந்தமிழுக்கு வேறோர் இலக்கணமும் தனித்தனியே எழுதினார். வெளியிலிருந்து வந்து தமிழ் கற்ற அவருக்கு இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைப்பதன் ஆபத்து தெரிந்திருந்தது. வீட்டில் பேச்சுத் தமிழே பிள்ளையின் ஒரே மூலதனம். அதனைக் குறைத்து மதிக்கும் வகையில் தொடங்கும் இலக்கணப் பாடம், கட்டடம் எழுப்புவதற்காக அத்திவாரத்தைத் தோண்டியெடுப்பதற்கு ஒப்பாகும்.

தாமதத்தின் விலை

இதற்கு நேர்மாறான கருத்தும் வலுவாகவே முன்வைக்கப்படுகிறது. தாய்மொழியை எவரும் இலக்கணம் படித்துக் கற்பதில்லை, எனவே பிள்ளைகளுக்கு அது தேவையே இல்லை என்பது அக்கருத்து. அமெரிக்காவில் பிராடொக்கும் அவரது இணை ஆய்வாளர்களும் 1963இல் வெளியிட்ட அறிக்கை இவ்வாதத்துக்குத் துணை நிற்பதாகத் தோன்றும். முறைசார் இலக்கணத்தைத் தனியே கற்பிப்பதால் மாணவரின் எழுத்துத் திறன் குறிப்பிடத்தக்க அளவில் மேம்படுவதில்லை என்பது அதன் முடிவு.

ஆனால் அவ்வறிக்கை ஆராய்ந்தது ஆங்கிலச் சூழலில் ஆங்கிலம் எழுதிய மாணவரை. அவர்கள் விதியைக் கற்காவிட்டாலும் சூழல் அதனை ஈடுசெய்துவிடும். புலம்பெயர் தமிழ்ப் பிள்ளைக்கு அத்தகைய சூழல் இல்லை. இரண்டாம் மொழி கற்பித்தல் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து நொரிசும் ஒர்ட்டேகாவும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, விதிகளை வெளிப்படையாக விளக்கிக் கற்பிப்பது கூடுதல் பயன் தருகிறது என்று காட்டியது. வீட்டில் தமிழும் வெளியில் வேற்றுமொழியுமாக வளரும் பிள்ளை, தாய்மொழியாளருக்கும் இரண்டாம் மொழியாளருக்கும் இடைப்பட்ட நிலையில் நிற்கிறது. ஆகவே இலக்கணமே வேண்டாம் என்பதும் அப்பிள்ளைக்கு இழைக்கும் அநீதியே.

மேலும், பன்னிரண்டு வயதில் ஆங்கிலத்தில் தடித்த புதினங்களை வாசிக்கும் ஒரு பிள்ளையை அணிலும் ஆடும் கொண்ட படப்புத்தகத்திலேயே நிறுத்தி வைத்தால், தமிழ் என்பது குழந்தைகளின் மொழி என்ற எண்ணம் அதன் மனத்தில் பதிந்துவிடும். அறிவுக்குச் சவால் விடும் ஒன்றாகத் தமிழை அது என்றுமே காணாது.

ஐந்து அடையாளங்கள்

அவ்வாறாயின் உரிய தருணத்தை எவ்வாறு கண்டறிவது? தேர்வுத்தாள் இன்றியே வீட்டில் கவனிக்கக்கூடிய ஐந்து அடையாளங்களை இங்கு முன்வைக்கலாம்.

முதலாவது, காது விதியை முந்தியிருக்க வேண்டும். மரம் என்பது 'மரத்தை' என்றும், வீடு 'வீட்டில்' என்றும், ஆறு 'ஆற்றில்' என்றும் மாறுவதைப் பிள்ளை பேச்சில் தானாகவே செய்கிறதா? 'மரமை', 'வீடுவில்' என்று சொல்லும் பிள்ளைக்கு வேற்றுமை அட்டவணையைக் காட்டுவதால் பயனில்லை. அதற்கு இன்னும் கதையும் பேச்சும் வேண்டும்.

இரண்டாவது, தெரிந்த ஒழுங்கைத் தெரியாத சொல்லுக்கும் பொருத்த வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் யீன் பெர்கோ 1958இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இல்லாத சொற்களைப் புனைந்து, அவற்றின் பன்மையையும் இறந்தகாலத்தையும் சிறாரிடம் கேட்டார். அம்முறையைத் தமிழுக்கும் கையாளலாம். ஒரு விநோத உருவத்தை வரைந்து அதற்குத் 'தேமம்' என்றும், மற்றொன்றுக்கு 'நோடு' என்றும் பெயரிட்டு, எறும்பு எதில் ஏறுகிறது என்று கேட்கலாம். 'தேமத்தில்', 'நோட்டில்' என்று விடை வந்தால் விதி பிள்ளையின் உள்ளத்தில் ஏற்கெனவே குடியேறிவிட்டது. அதற்குப் பெயர் சூட்டுவது மட்டுமே எஞ்சியுள்ள வேலை.

மூன்றாவது, பேச்சிலிருந்து எழுத்துக்கு மாறத் தெரிய வேண்டும். அம்மம்மா சொன்ன ஒரு நிகழ்ச்சியைப் பேச்சுத் தமிழில் சொல்லி, அதையே எழுத்துத் தமிழில் நான்கு வரிகளாக எழுதும் பிள்ளை, இரண்டு வழக்குகளையும் இரண்டாகவே காண்கிறது. அப்பிள்ளையிடம் 'அவை' பற்றிப் பேசினால் அம்மம்மாவின் மதிப்புக் குறையாது.

நான்காவது, தன் பிழையைத் தானே காண வேண்டும். எழுதியதை ஒரு வாரம் எடுத்து வைத்துப் பின் வாசிக்கக் கொடுத்தால், 'கண்ணாடி உடைத்தது' என்ற இடத்தில் பிள்ளை தடுமாறி நின்று 'உடைந்தது' என்று திருத்துகிறதா? காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. தடுமாறி நிற்பதே தன்வினை பிறவினைப் பாடத்துக்கான அழைப்பிதழ்.

ஐந்தாவதும் மிக முக்கியமானதும், 'ஏன்' என்ற கேள்வி. வீட்டு நாயைப் பிள்ளைகள் "வந்திட்டான்" என்று சொல்வதுண்டு. நாய் அஃறிணை ஆயிற்றே, அவ்வாறு சொல்லலாமா என்று ஒரு நாள் பிள்ளையே கேட்டால், அந்தக் கேள்விக்கு இலக்கணத்தில் அழகான விடை உண்டு. மகிழ்ச்சியின் மிகுதியால் ஒரு திணையை மற்றொரு திணையாகச் சொல்வதை இலக்கணம் வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. பசுவை "என் அம்மை வந்தாள்" என்று அழைப்பதை உரைநூல்கள் இதற்கு எடுத்துக்காட்டாகத் தருகின்றன. அன்புக்கும் விதியில் இடம் வைத்த மொழி இது என்று அறியும் பிள்ளை இலக்கணத்தைத் தண்டனையாகக் கருதாது.

இவ்வடையாளங்கள் இன்னும் தோன்றாத பிள்ளையைச் சும்மா காத்திருக்கச் செய்ய வேண்டியதில்லை. வாக்கியங்களை இணைக்கும் பயிற்சி அதற்கு ஏற்றது. "பையன் வந்தான். பையன் சோறு உண்டான்." என்ற இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னால், "வந்த பையன் சோறு உண்டான்" என்றும் "பையன் வந்து சோறு உண்டான்" என்றும் இரு விடைகள் கிடைக்கும். பெயரெச்சம், வினையெச்சம் என்ற சொற்களை உச்சரிக்காமலே இரண்டும் கைவந்துவிடும். கிரகாமும் பெரினும் 2007இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், வளரிளம் பருவத்தினரின் எழுத்துத் திறனுக்கு மரபுவழி இலக்கணப் பாடம் துணைசெய்யவில்லை என்றும், வாக்கிய இணைப்புப் பயிற்சி நற்பயன் தந்தது என்றும் காட்டப்பட்டுள்ளது.

ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள்

உயர் இலக்கணம் என்பதை ஒரே வாசலாகக் கருதுவதும் தவறு. ஒரு பகுதிக்குத் தகுதி பெற்ற பிள்ளை மற்றொன்றுக்குத் தகுதி பெறாதிருக்கலாம். மேற்கூறிய அடையாளங்களின்படி முதலில் திறக்க வேண்டியது வேற்றுமை. பேச்சிலேயே அதன் உருபுகள் பெரும்பாலும் இருப்பதால் அது எளிது. அடுத்தது பகுபதம். 'செய்தான்' என்பதைச் செய், த், ஆன் என்று பிரிப்பது, பொம்மைகளைக் கழற்றி மீண்டும் பூட்டும் இயல்புடைய பிள்ளைக்கு விளையாட்டாகவே அமையும். 'வந்தான்' என்பதில் 'வா' எவ்வாறு 'வ' ஆயிற்று, இடையில் ஒரு 'ந்' எவ்வாறு வந்தது என்ற புதிர் அதனை மேலும் ஈர்க்கும்.

புணர்ச்சி இவற்றுக்குப் பின்னரே வர வேண்டும். 'வேலை கொடு' என்றால் பணி தருமாறு கேட்பது. 'வேலைக் கொடு' என்றால் வேல் என்னும் படைக்கருவியைக் கேட்பது. 'தந்த பலகை' ஒருவர் கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆனது. இரண்டாம் வேற்றுமையையும் பெயரெச்சத்தையும் அறியாத பிள்ளைக்கு ஒற்று ஏன் மிகுந்தது, ஏன் மிகவில்லை என்பதை விளக்கவே இயலாது. கணினியில் இன்று சந்திப் பிழைதிருத்திகள் கிடைக்கின்றன, எனவே புணர்ச்சியே தேவையில்லை என்று கூறுவோரும் உண்டு. 'வேலை கொடு', 'வேலைக் கொடு' இரண்டுமே பிழையற்ற தொடர்கள். எழுதியவர் எதனைக் கருதினார் என்பதை எழுதியவரே அறிவார். கருவி துணை நிற்கும். தீர்மானிக்க அறிவு வேண்டும்.

சமூகம் செய்ய வேண்டியவை

இந்தச் சுமை முழுவதையும் தனித்த பெற்றோரின் தோளில் ஏற்றுவது முறையன்று. வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் வீட்டில் கற்கும் பிள்ளைகளுக்குத் தம் கதவுகளைத் திறந்து, வயதை மட்டும் பாராமல் அடைந்த நிலையைப் பார்த்து இலக்கண வகுப்பில் சேர்க்க முன்வர வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளையும் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் வேற்றுமையை ஒரே மேசையில் கற்பதில் இழுக்கு எதுவுமில்லை.

படப்புத்தகத்துக்கும் இலக்கண நூலுக்கும் இடையே பரந்த வெற்றிடம் ஒன்று இருக்கிறது. பத்து முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளின் அறிவுக்கு ஈடுகொடுக்கும் பொருளும், அவர்களின் தமிழறிவுக்கு எட்டும் நடையும் கொண்ட வாசிப்பு நூல்களே அதனை நிரப்ப முடியும். எழுத்தாற்றல் மிக்க தன்னார்வலர்களும் கணினித் துறையினரும் கைகோத்தால் அவற்றை உருவாக்கி இணையத்தில் இலவசமாக வழங்குவது கடினமன்று. பெற்றோரும் பிள்ளையின் பேச்சில் கண்ட மாற்றங்களை நாள் குறித்து ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைக்கலாம். ஆறு மாதக் குறிப்புகள் எந்தத் தேர்வுத்தாளையும் விடத் தெளிவாகப் பேசும்.

பிள்ளை இலக்கணத்துக்கு ஆயத்தமா என்று கேட்கும் பெற்றோர், அதற்கு முன் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளையின் 'ஏன்' என்ற கேள்விக்குப் பொறுமையோடு அமர்ந்து விடை தேட வீடு ஆயத்தமாக இருக்கிறதா? விடை தெரியாத இடத்தில், "எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லத் துணிவு இருக்கிறதா? அத்தகைய வீட்டில் இலக்கணம் ஓரிரு ஆண்டுகள் முந்தினாலும் பிந்தினாலும் தமிழ் தங்கிவிடும். அம்மம்மாவின் 'அவை'யும் நன்னூலின் 'அவை'யும் ஒரே மேசையில் மதிப்போடு அமரும் நாளில், அப்பிள்ளை உயர் இலக்கணத்துக்குத் தகுதி பெற்றுவிட்டது என்று தயங்காமல் முடிவு செய்யலாம்.